நடுகல்லையும் பாறை ஓவியத்தையும் படிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் படக்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் படத்தால் கதை சொல்லும் மரபு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று வகைகளைச் சொல்கிறோம். பாறை ஒதுக்குகளிலும், பலகைக் கற்களால் கட்டிய பழைய ஈமச்சின்னங்களான கல்திட்டைகளுக்குள்ளும் வெள்ளையால் தீட்டிய ஓவியங்கள் ஒன்று. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஊர் எல்லையிலும் நிற்கும் நடுகற்கள், அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கற்கள், இரண்டாவது. கோயில் விதானத்திலும் அடித்தளத்திலும் தொடராக வரும் ராமாயண, பாரதக் காட்சிகள் மூன்றாவது. இவற்றில் இந்த இரு மாவட்டங்களுக்குத் தனிச் சிறப்பைத் தருவது நடுகல். தமிழ்நாட்டில் நடுகற்கள் செறிந்து கிடக்கும் பகுதி இதுவும் இதையொட்டிய திருவண்ணாமலை மாவட்டச் செங்கம் பகுதியும்தான். அதனால் பதில்களில் பெரும்பகுதி நடுகல்லைப் பற்றியே இருக்கும்.

பழைய நூல்களைத் தேடுவோர் ஒன்றை நினைவில் வைக்கவும். கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் வெளிவந்த கல்வெட்டுத் தொகுப்புகளில் ஓசூர், பர்கூர்ப் பக்கத்து ஊர்களெல்லாம் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். 1965-க்கு முற்பட்டவற்றில் சேலம் மாவட்டம் என்று தேட வேண்டும்.

இங்குள்ள பாறை ஓவியங்களில் முக்கியமானவை எவை?

பர்கூர் அருகே மல்லப்பாடி. 1970-களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. வி. இராமன் இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுப் பாறை ஓவிய ஆய்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். குதிரைமேல் அமர்ந்த இருவர் ஆயுதத்தோடு எதிரெதிரே நிற்கும் காட்சி, வெண்ணிறத்தில்.

மல்லசந்திரத்தில் குன்றின்மேல் நிற்கும் கல்திட்டைகளின் உட்புறப் பலகைகளில் ஓவியங்கள் உள்ளன. மகாராஜகடை மலையிலும் ஓவியமுள்ள கல்திட்டைகள் உண்டு. விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலையில் சிவப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே பெரும்பாலும் வெள்ளையாகவே இருப்பது முதலில் கண்ணில் படும். சிவப்பு என்பது காவிக்கல், அதாவது இரும்பு ஆக்சைடு. வெள்ளை என்பது வெண்களிமண் அல்லது சுண்ணாம்பு சார்ந்த நிறமி. காவி கல்லின் நுண்துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளை மேலே படலமாகத் தங்கும், எளிதில் உதிரும். எனவே வெள்ளை ஓவியங்களை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும்.

அந்த ஓவியங்களில் கதை இருக்கிறதா, வெறும் உருவங்கள்தானா?

இரண்டும் உண்டு. எது எது என்று பிரிக்கச் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உருவங்கள் ஒன்றையொன்று நோக்குகின்றனவா? ஒருவர் கையில் உள்ள ஆயுதம் மற்றவரைச் சுட்டுகிறதா? கால்கள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா? கோட்டின் தடிமனும் நிறத்தின் அடர்த்தியும் ஒன்றாக உள்ளனவா? நான்குக்கும் ஆம் என்றால் ஒரே கை, ஒரே நேரத்தில், ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மல்லப்பாடிக் குதிரை வீரர்கள் அப்படிப்பட்டவர்கள்.

ஒரு பாறையில் மானும் மனிதனும் கைத்தடமும் கட்டமும் அருகருகே இருப்பதால் மட்டும் அது ஒரே காட்சி ஆகிவிடாது. பல தலைமுறைகள் ஒரே சுவரைப் பயன்படுத்தியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். மற்றொன்றை மறைக்கும் கோடுதான் பிந்தியது. ஒரு சுவரில் முதலில் குறிக்க வேண்டியது இந்த மேலீடுதான். அதைக் குறிக்காமல் கதை சொல்லத் தொடங்கினால், நூற்றாண்டுகள் இடைவெளியுள்ள உருவங்களை ஒரே வேட்டையில் சேர்த்துவிடுவோம்.

‘கற்கால ஓவியம்’ என்று செய்திகளில் வருகிறதே, சரியா?

பெரும்பாலான இடங்களுக்குச் சரியில்லை. குதிரையேறி ஆயுதம் தாங்கிய வீரன் வரும் ஓவியத்தைக் கற்காலத்துக்குக் கொண்டுபோக முடியாது. அது இரும்புக்காலத்தையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது. கல்திட்டைக்குள் இருப்பதாலேயே கல்திட்டையின் வயது ஓவியத்துக்கும் பொருந்தும் என்றும் சொல்ல இயலாது. கட்டி முடித்துப் பல நூற்றாண்டு கழித்து யாரும் உள்ளே புகுந்து தீட்டியிருக்கலாம். கல்திட்டை தரும் காலம், ஓவியம் இதற்கு முந்தியதல்ல என்ற ஓர் எல்லை மட்டுமே.

நடுகல் எப்போது தொடங்கியது? முதலிலேயே உருவம் செதுக்கினார்களா?

இல்லை. உருவம் பிறகுதான் வந்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகற்கள் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவை. அவற்றில் எழுத்து மட்டுமே. ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று ஒரு கல்லில் கதை முடிந்துவிடுகிறது: எந்த ஊர் ஆநிரையை (மாட்டு மந்தையை) கவர்ந்த சண்டை, இறந்தவன் யார், அவ்வளவே.

சங்கப் பாடல்களும் இதையே காட்டுகின்றன. ‘பெயரும் பீடும் எழுதி, அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்’ என்கிறது அகநானூறு. பெயரையும் பெருமையையும் எழுதினார்கள், மயிற்பீலி சூட்டினார்கள். உருவம் செதுக்கியதாக அங்கே பேச்சில்லை. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகளைச் சொல்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பது, நாள் பார்த்துக் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது.

அன்று தகடூர் எனப்பட்ட தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கே நடுகல் நட்டார்கள். ‘நடுகல் பீலி சூட்டி, நார்அரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ’ என்று புறநானூறு 232-ல் ஔவை கேட்கிறார். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானா என்பது அந்தக் கேள்வி. அந்தக் கள் கலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கல்லிலேயே அதைப் பார்க்கப்போகிறோம்.

பல்லவர் காலத்தில், 6, 7-ஆம் நூற்றாண்டுகளில், எழுத்தும் உருவமும் ஒரே கல்லில் சேர்ந்து நிற்கின்றன. தருமபுரி, செங்கம் பகுதியின் பொற்காலம் இதுதான்.

ஒரு நடுகல்லின் முன் நிற்கிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும்?

எழுத்துக்கு ஓடாதீர்கள். முதலில் கல் முழுவதையும் ஐந்தாறு அடி தள்ளி நின்று பாருங்கள். சட்டம் கட்டிய பலகையா, அப்படியே நிறுத்திய பாறைத் துண்டா? ஒரே காட்சியா, அடுக்குகளா? அடிப்பகுதி மண்ணுக்குள் எவ்வளவு போயிருக்கும்?

அடுத்து வீரனின் உடல். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், எந்தக் காலை முன்வைத்திருக்கிறான். வலக்கையில் என்ன, இடக்கையில் என்ன. வாளும் கேடயமும் என்றால் நேருக்கு நேர் சண்டை. வில்லும் அம்பும் என்றால் தொலைவிலிருந்து. பல கற்களில் வீரனின் மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருக்கும். அது வெறும் கீறல் என்று விட்டுவிடுவோர் பலர். அவன் எப்படி இறந்தான் என்பதைச் சொல்லும் ஒரே அடையாளம் அதுவாக இருக்கலாம். இடுப்பில் குறுவாள் உறை, தலையில் கொண்டை சாய்ந்திருக்கும் பக்கம், காது, கழுத்து அணிகள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விலங்கு. மாடுகள் சிறிதாகக் காலருகிலோ முதுகுப்புறமோ இருந்தால் ஆநிரைப் பூசல். புலி எழுந்து பாய, வீரன் அதன் வயிற்றிலோ வாயிலோ வாளைச் செருகினால் புலிக்குத்திக் கல். பன்றி என்றால் பன்றிக்குத்தி. நாய் இருந்தால் விடாதீர்கள். செங்கம் பகுதி எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல்லில், எருமை மந்தைக்காக இறந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு தனியே சொல்கிறது. ஒரு நாயின் பெயர் பதினான்கு நூற்றாண்டு நிலைத்திருப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

நான்காவது, காலடியில் உள்ள சிறு பொருள்கள். மூக்குள்ள கெண்டி, மூடியுள்ள சிமிழ் போன்றவை. மேலே சொன்ன கள் கலத்தின் நினைவு இங்கே கல்லாக நிற்கிறது. இவை சண்டைக் காட்சியைச் சேர்ந்தவை அல்ல. இறந்தபின் அவனுக்குப் படைப்பவை. ஆக, ஒரே சதுரத்தில் இரண்டு காலங்கள் உள்ளன: அவன் போரிடும் நொடி, ஊர் அவனை வழிபடும் நாள். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நடுகல் வாசிப்பில் பாதி வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு எழுத்து.

எழுத்தில் அடிக்கடி வரும் சொற்கள் எவை?

பல்லவர் காலக் கற்களில் எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து வடிவம். அமைப்பு ஏறக்குறைய மாறாதது. ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பெயர், ‘பருமற்கு’ என்று வர்மன் பெயரின் முடிவு, ‘யாண்டு’ என ஆட்சியாண்டு, அப்பகுதித் தலைவன் பெயர், அவனுடைய சேவகன் பெயர், நடந்தது, கடைசியில் ‘பட்டான் கல்’, அதாவது இறந்தவனின் கல்.

‘தொறு’ என்பது மாட்டு மந்தை. ‘தொறுக் கொண்ட ஞான்று’ என்றால் மந்தையைக் கவர்ந்தபோது. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றால் மீட்டு இறந்தான். ‘சேவகன்’, ‘இளமகன்’, ‘மக்கள்’, ‘மருமக்கள்’ எல்லாம் உறவையும் பணியையும் குறிப்பவை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கவர்ந்தவன், மீட்டவன் இருவரின் கல்லிலும் படம் ஒன்றுபோலவே இருக்கும்: வாளோங்கிய வீரன், அருகே மாடு. யார் பக்கம் நின்றான் என்பதைப் படம் சொல்லாது, எழுத்து சொல்லும். எப்படி நின்றான், எதை ஏந்தினான், எங்கே அம்பு தைத்தது என்பதை எழுத்து சொல்லாது, படம் சொல்லும். கல்வெட்டு வாசகத்தை மட்டும் அச்சிடும் தொகுப்பும், சிலையை மட்டும் படமெடுக்கும் பதிவும் பாதிக் கதைதான்.

மூன்று அடுக்குள்ள கற்களை மேலிருந்து படிப்பதா, கீழிருந்தா?

கீழிருந்து மேலாக. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒய்சளர், விசயநகரர் காலக் கற்களில் இந்த அமைப்பு அதிகம். கன்னட நாட்டு வீரகல் மரபோடு நேரடி உறவுடையது. கீழடுக்கில் சண்டை. நடுவடுக்கில் அரம்பையர் (தேவமகளிர்) இருபுறமும் நின்று வீரனை மேலே அழைத்துச் செல்வர். மேலடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருப்பான், அருகே நந்தியோ பூசை செய்பவரோ இருப்பர். உச்சியில் சூரியனும் பிறையும், அவை உள்ளவரை இந்தப் புகழும் இருக்கும் என்பதற்காக.

மேலிருந்து படித்தவர்கள், பூசை செய்துகொண்டிருந்த ஒருவர் போருக்குப் போனதாகக் கதை சொல்வதைக் கேட்கலாம். ஒரே ஆள் மூன்று அடுக்கிலும் வருகிறான் என்பதைக் கொண்டை, அணி, உடற்பருமன் ஆகியவற்றை ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

எல்லா அடுக்குக் கல்லும் மூன்றல்ல. இரண்டும் உண்டு, நான்கும் உண்டு. சின்னகொத்தூர் ஒருகாலத்தில் குந்தாணி என்ற பெயரில் ஒய்சள வீர ராமநாதனின் தலைநகராக இருந்தது. அப்பகுதிக் கற்களைப் பார்த்தால் அடுக்கின் வேறுபாடுகள் நன்றாக விளங்கும்.

வீரன் பக்கத்தில் பெண் நிற்கிறாள். யார் அவள்?

கையைப் பாருங்கள். அரம்பையர் வீரனைத் தொட்டுத் தாங்குவர் அல்லது சாமரம் வீசுவர். தனியே நின்று, வளையல் அணிந்த வலக்கையை மேலே உயர்த்தியிருந்தால் அது உடன்கட்டை ஏறிய மனைவி. சில இடங்களில் ஒரு தூணிலிருந்து நீளும் வளையல் கை மட்டுமே இருக்கும்.

ஒருவர் தன் கழுத்திலேயே வாளை வைத்திருக்கிறாரே?

அது நவகண்டம் அல்லது அரிகண்டம் எனப்படும் தற்பலிக் கல். எதிரி இருக்கமாட்டான். முடியைப் பிடித்து இழுத்தபடியோ, இரு கையாலும் வாளைக் கழுத்தில் பொருத்தியபடியோ உருவம் நேராக நிற்கும். நடுகல் பட்டியலில் இதைப் போர்வீரன் என்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

எங்கள் ஊரில் இதை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். அது வீரன்தானா, சாமியா?

இரண்டும். ‘கல்லே பரவின் அல்லது நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே’ என்று மாங்குடி கிழார் புறநானூறு 335-ல் பாடியதன் தொடர்ச்சி உங்கள் ஊர்ப் பொங்கல். யானையை எறிந்து விழுந்தவனின் கல்லைத் தவிர எங்களுக்கு வேறு கடவுள் இல்லை என்கிறார். பெயரும் எழுத்தும் மறந்த பிறகு, கையில் வில்லோ வாளோ உள்ள உருவம் ஊருக்குப் பொதுவான காவல் தெய்வமாகிறது. வழிபாடு இருப்பதால்தான் பல கற்கள் இன்றும் நிற்கின்றன. வழிபாடற்ற கற்கள் பல மடைக்கும் படிக்கும் துவைகல்லுக்கும் போய்விட்டன. எனவே ஆய்வுக்கு வருவோர் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.

கோயில்களில் உள்ள தொடர்களை எங்கே பார்க்கலாம்?

தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் உள்ள அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் ராமாயண, பாரதக் காட்சிகள் ஓவியமாக உள்ளன. தருமபுரி கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் ராமாயணச் சிற்றுருவங்கள் வரிசையாக ஓடுகின்றன. வலம் வரும் திசையிலேயே நடந்து பாருங்கள், தொடரும் அப்படித்தான் செல்லும். சிற்பியின் வாசகர் நடப்பவர், நிற்பவரல்லர்.

ஒப்பிட விரும்புவோர் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போகலாம். பல்லவ மரபின் வரலாறே அங்கே சுவர்த் தொடர். நந்திவர்மன் அரசனான காட்சிகளுக்குக் கல்வெட்டு விளக்கமும் உண்டு. தாராசுரத்தில் நாயன்மார் கதைகள் சிறு பலகைகளில், பெயர் எழுதி. படமும் எழுத்தும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை அங்கும் இதுவே. அளவும் செலவும்தான் வேறு. அங்கே அரசனுக்கும் அடியாருக்கும் கிடைத்த இடம், இங்கே மாடு மீட்டு இறந்த ஒரு சேவகனுக்குக் கிடைத்திருக்கிறது.

எழுத்தும் உருவமும் தேய்ந்து ஒன்றுமே தெரியவில்லை. எப்படிப் படமெடுப்பது?

சாய்வொளிதான் வழி. வெயில் கல்லின் முகத்தில் நேராக விழுந்தால் ஆழமில்லாத செதுக்கல் மறைந்துவிடும். கல் கிழக்குப் பார்த்திருந்தால், வெயில் உச்சியேறிக் கல்லின் முகத்தை உரசியபடி விலகும் முற்பகலின் கடைசி நேரம் நல்லது. மேற்குப் பார்த்திருந்தால் பிற்பகலின் தொடக்கம். வடக்கு நோக்கிய கல்லுக்குப் பெரும்பாலும் இருட்டிய பிறகு டார்ச்தான்.

கைபேசியையோ கேமராவையோ முக்காலியில் கல்லுக்கு நேர் எதிரே, கல்லின் நடு உயரத்தில் நிறுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம். டைமர் வைத்து எடுங்கள். டார்ச்சைக் கல்லின் முகத்துக்கு 15 பாகைச் சாய்வில், கல்லின் மூலைவிட்ட நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தொலைவில் பிடியுங்கள். கிட்டே பிடித்தால் ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டுவிடும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம். கேமரா அசையவே கூடாது. வட்டெழுத்தின் செங்குத்துக் கோடுகள் பக்க ஒளியிலும், கிடைக்கோடுகள் மேலொளியிலும் தெரியும். ஒரே திசை ஒளியில் படித்து ஓர் எழுத்தை வேறொன்றாகக் கொள்வது இதனால்தான் நேர்கிறது.

ஒரு படத்திலாவது 10 செ.மீ. அளவுகோல் கல்லின் தளத்திலேயே இருக்கட்டும். சுண்ணக்கட்டியாலோ மாவாலோ எழுத்தை நிரப்பாதீர்கள். நீங்கள் நிரப்புவது நீங்கள் ஊகித்த எழுத்தைத்தான், அடுத்து வருபவர் உங்கள் ஊகத்தைப் படிப்பார்.

முப்பரிமாண மாதிரி வேண்டுமென்றால் மேகமூட்டமான நாளில், அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றி வந்து எடுங்கள்.

கல்லின்மேல் தாளை ஒட்டி மை ஒத்தி மைப்படி எடுப்பது எப்படி? எங்கே கெடுகிறது?

முதலில் அனுமதி. பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையின் எழுத்து அனுமதியின்றித் தொடக்கூடாது. பழகியவர் ஒருவர் கூட இல்லாமல் முதல் முயற்சியைப் பழைய கல்லில் செய்ய வேண்டாம். வீட்டு அம்மியில் பழகுங்கள்.

மெல்லிய தூரிகையாலும் சுத்தமான நீராலும் மண்ணை அகற்றவும். சோப்பு, கம்பி பிரஷ் கூடாது. பாசிப்படலத்தைச் சுரண்டக் கூடாது. மைப்படித் தாளை நனைத்துக் கல்லின்மேல் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் காற்றுக் குமிழிகளைத் தள்ளவும். பிறகு தட்டும் பிரஷ்ஷால் செங்குத்தாகத் தட்டித் தாளை ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறக்க வேண்டும். கல் தாளைவிடப் பெரிதென்றால் அடுத்த தாள் இரண்டு அங்குலமாவது முந்தையதன்மேல் ஏறட்டும். தாளின் பளபளப்பு மறைந்து, ஆனால் தொட்டால் குளிர்ச்சி இருக்கும் பதத்தில் மை ஒத்த வேண்டும். மை என்பது விளக்குப்புகைக் கரியும் கோந்தும் நீரும். துணிப் பந்தில் மையைத் தொட்டு, முதலில் ஒரு பலகையில் ஒத்தி மிகுதியை எடுத்துவிட்டு, பிறகு தாளில் இலேசாக ஒத்தவும். மேடு கருக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஒரே தடவையில் கருக்கப் பார்க்காமல், மூன்று நான்கு சுற்றில் கொண்டுவாருங்கள்.

கெடுவது பெரும்பாலும் பதத்தில்தான். தாள் மிக ஈரமாக இருந்தால் மை ஊடுருவிக் கல்லில் கறையாகும், அது எளிதில் போகாது. மிகக் காய்ந்தால் தாள் பள்ளத்திலிருந்து விலகி எழுத்தின் விளிம்பு மங்கும். காற்றடிக்கும் நாளில் ஓரம் கிளம்பிவிடும். எண்ணெய் ஊறிய கல்லில் தாள் ஒட்டவே ஒட்டாது. அங்கே மைப்படியை விட்டுவிட்டுச் சாய்வொளிப் படத்தோடு நிறுத்துங்கள். பாறை ஓவியத்தின்மேல் மைப்படி எந்த நிலையிலும் கூடாது.

ஓவியத்தில் தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று தெரிகிறதே, தெளிக்கலாமா?

கூடாது. சில நிமிடம் தெளிவாகத் தெரியும், அவ்வளவே. காயும்போது நீரில் கரைந்த உப்புகள் மேற்பரப்பில் படிந்து வெண்படலமாகும். வெள்ளை நிறமி அதோடு சேர்ந்து உதிரும். மாற்றாக, நிற அட்டை வைத்துப் படமெடுத்து, டிஸ்ட்ரெச் போன்ற மென்பொருளில் நிற வேறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். சிவப்புக்கு அது மிக நன்றாக வேலை செய்யும். சாம்பல் நிறப் பாறையில் வெள்ளைக்குப் பலன் குறைவு. எனவே நிழலான நேரத்தில் தெளிவாக எடுப்பதே நம் பகுதிக்கு முக்கியம். ஓவியமுள்ள ஒதுக்கில் அடுப்பு மூட்டுவதும் அதே அளவு கேடு. புகை படியும், சூட்டில் பாறைத் தோல் பெயரும்.

திருவிழாவுக்குக் கல்லுக்கு பெயின்ட் அடிக்கலாமா? ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

இரண்டும் வேண்டாம். எனாமல் பெயின்ட் கல்லின் ஈரம் வெளியேறும் வழியை அடைக்கும். ஈரம் உள்ளே தங்கி, பெயின்ட் உரியும்போது கல்லின் மேல்தோலையும் கூட்டிக்கொண்டு வரும். ஆழமில்லாத எழுத்துகள் இரண்டாவது பூச்சிலேயே நிரம்பிவிடும். ஆசிட் கல்லிலுள்ள இரும்புக் கனிமங்களைத் தாக்கி மஞ்சள் கறை ஏற்றும். மணல் வீச்சுக் கழுவல் எல்லாவற்றையும்விட மோசம், சில நிமிடத்தில் முகம் போய்விடும்.

சிமென்ட் மேடை கட்டுவோர் நல்ல எண்ணத்தில்தான் கட்டுகிறார்கள். ஆனால் கீழ் இரண்டு மூன்று வரிக் கல்வெட்டு அதற்குள் புதைந்துபோகும். சிமென்டின் உப்பு கல்லில் ஏறி அடிப்பகுதி செதில் செதிலாக உதிரும். மேடை வேண்டுமென்றால் கல்லிலிருந்து ஓரடி விலக்கி, இடையில் மண்ணோ மணலோ விடுங்கள். கற்பூரத்தையும் விளக்கையும் கல்லின் மேல் வைக்காமல் முன்னால் தனிப் பலகைக்கல்லில் ஏற்றலாம். மஞ்சள், குங்குமத்தை நெற்றியில் ஒரு பொட்டோடு நிறுத்தினாலும் பூசை பூசைதான்.

புதிதாக ஒரு கல்லைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும்?

அசைக்காதீர்கள், தோண்டாதீர்கள். எழுத்து மண்ணுக்குள் போகிறது என்றாலும் தோண்ட வேண்டாம். கல் நிற்கும் இடமே கதையின் ஒரு பகுதி: பழைய வழி, மேய்ச்சல் நிலம், ஊரெல்லை எதுவென்று அதுதான் காட்டும். பெயர்த்துக் கோயில் வாசலில் வைத்த கல் கதையின் அந்தப் பகுதியை இழந்துவிடும்.

குறிக்க வேண்டியவை: ஊர், வட்டம், கைபேசி காட்டும் ஆயத்தொலைவு, கல் நோக்கும் திசை, தரைக்கு மேல் உயரம், அகலம், தடிமன் செ.மீ.-ல், உருவங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு கையிலும் உள்ளது, எழுத்து வரிகள், ஊரார் அழைக்கும் பெயர், வழிபாடு உண்டா, நிலம் யாருடையது, பார்த்த தேதி. ஊரார் சொல்லும் கதையை அவர்கள் சொன்னபடியே தனித்தாளில் எழுதுங்கள். கல்லில் நீங்கள் பார்த்ததோடு கலக்காதீர்கள்.

இந்தக் குறிப்பையும் நான்கு படங்களையும் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகவோ, நேரடியாக மாநிலத் தொல்லியல் துறைக்கோ, மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். சாலை விரிவாக்கம், கல் குவாரி, ஏரி தூர்வாரல் நடக்கும் இடமென்றால் அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள், நாள் கடத்த இடமில்லை. சரியான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதைத் தவிருங்கள். புதையல் தேடிக் கல்லைப் பிளப்போர் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

பிள்ளைகளை அழைத்துப்போக எது நல்ல தொடக்கம்?

தருமபுரியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமான அகழ்வைப்பகம். பல காலத்து நடுகற்களை ஓரிடத்தில் அருகருகே பார்க்கலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் உண்டு. ஆளுக்கொரு கல்லைக் கொடுத்து, விளக்கப் பலகையைப் படிக்கவிடாமல் முதலில் வரையச் சொல்லுங்கள். வரையும் பிள்ளை அம்பு தைத்த இடத்தையும் காலடிக் கெண்டியையும் தானே கண்டுபிடிக்கும். அதன் பிறகு பலகையைப் படித்து, தான் வரைந்ததில் எது எழுத்தில் இல்லை, எழுத்தில் உள்ள எது படத்தில் இல்லை என்று இரண்டு பட்டியல் எழுதட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு கல், ஒரு மணி நேரம் போதும். அடுத்த முறை சொந்த ஊர்க் கல்லுக்குப் போகலாம்.